முதல் சிவப்புப் புழுக்கை

ஜனவரி 9

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: ‘தழைச்சத்தை அளவோடு இடவும்.’ சரி, இட்டுக்கொள்கிறேன்.

ஆய்வகத்துக்கென்று தனியாக ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதில் எண்களை மட்டும்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் என் நெறியாளர் ஞானதிரவியம் சார் கையெழுத்துப் போடுவார். அவர் பார்க்கக் கூடாததை எழுத எனக்கு ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் இது.

முதலில் நிலவரம். சண்முகவடிவு, வயது நாற்பத்து நான்கு, தென்காசிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் உதவிப் பேராசிரியை. முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருடமாகிறது. நான் பதிந்த அன்று பிறந்த பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மார்ச் 31-க்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்கள் ஜூன் முதல் வகுப்பெடுக்கக் கூடாது, ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவள் உட்கார்ந்து குடுவைகளை எண்ண வேண்டும்.

மூன்றாவது நீட்டிப்புக்கும் ஒரு படிவம் உண்டாம். அதில் நெறியாளர், ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஞானதிரவியம் சார் அப்படி இதுவரை ஒருவருக்கும் கையெழுத்திட்டதில்லை. ஆகவே அந்தப் படிவத்தை மறந்துவிடுகிறேன்.

ஜனவரி 11

துத்திக் கீரைதான் என் தலைப்பு. மலச்சிக்கலுக்கும் மூலத்துக்கும் ஊரில் எல்லோரும் சமைத்துச் சாப்பிடுவதுதான். அது நிஜமாகவே குடலைச் சுறுசுறுப்பாக்குகிறதா என்று எலியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். ஏழு வருடத்தில் இலை பறித்தேன், உலர்த்தினேன், சாராயத்தில் ஊறவைத்து வடித்தேன், அதில் என்னென்ன இருக்கிறதென்று பார்த்தேன். எலி மட்டும் பாக்கி.

இன்று வடித்ததைக் காய்ச்சிச் சுண்டவைத்தேன். கூட்டாகச் சாப்பிடும்போது சாதுவாக இருக்கும் கீரை, சுண்டினால் தார் போலக் கறுத்து, நாக்கில் வைக்க முடியாத கசப்பு.

வீட்டில் மிச்சமிருந்த கீரையைக் கூட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கத்துக்குப் பல வருடமாகக் காலைக்கடன் ஒரு பெரிய விவகாரம். “ஆராய்ச்சி எனக்கும் பிரயோசனப்படட்டும்” என்று மூன்று கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறை. ஒன்றும் எழுதுவதற்கில்லை. கூட்டு தினமும் வைக்கிறேன். அவரிடம் முன்னேற்றம் இல்லை.

ஜனவரி 20

எலிகள் வந்துவிட்டன. இருபத்து நான்கு வெள்ளை எலிகள், கூண்டுக்கு ஒன்று. ஆறு ஆறாக நாலு குழு. வெள்ளை அட்டை கட்டிய கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர். மஞ்சள் அட்டைக்குக் கடையில் விற்கும் பேதி சிரப். இளம்பச்சைக்குத் துத்திச் சாறு கொஞ்சம். கரும்பச்சைக்கு அதே சாறு இரண்டு பங்கு.

எலி அறைக்குக் கொம்பையா பொறுப்பு. ஐம்பத்தேழு வயது. எலியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் எலிக்கே தெரியாது, அவ்வளவு பதமான கை. அவரிடம் விவரமாகச் சொன்னேன்.

“நாளைக்கு மருந்து குடுக்கணும்னா இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தீவனத்தை எடுத்துரணும். தண்ணி மட்டும் இருக்கட்டும். எலி பட்டினியா இருந்தாத்தான் கணக்குச் சரியா வரும்.”

“அதெல்லாம் பழக்கந்தாம் மேடம். தீவனத்தை எடுத்துருதேன். நீங்க பஸ்ஸைப் புடிங்க.”

கல்லூரிப் பேருந்து நாலே முக்காலுக்கு. அதை விட்டால் டவுன் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு போக வேண்டும். கொம்பையா தங்கமான மனிதர். இன்று அவருக்குச் சஷ்டி விரதமாம். மதியம் இரண்டு பூவன் பழமும் ஒரு தம்ளர் பாலும் சாப்பிட்டுவிட்டு, சோறு தொடாததால் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 24

வெள்ளை அட்டை நாள்.

காலை ஏழு மணிக்கு ஒவ்வோர் எலிக்கும் முனை உருண்ட ஊசிக்குழாயால் அதனதன் மருந்து, பிறகு சிவப்புச் சாயம் கலந்த கூழ். அதற்கப்புறம் கம்பிவலைக் கூண்டின் கீழே வெள்ளைக் காகிதத்தை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் சிவப்புப் புழுக்கை எப்போது விழுகிறது? என் ஏழு வருடக் கேள்வி இவ்வளவுதான். என் அம்மா யாரிடமாவது பெருமையாகச் சொல்லும்போது ‘வயித்து நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கா’ என்பாள். நான் திருத்துவதில்லை.

காத்திருப்பது லேசில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. மதியம் இரண்டே காலுக்கு மூன்றாவது கூண்டில் விழுந்தபோது, “விழுந்துட்டு!” என்று கத்திவிட்டேன். வராண்டாவில் போன இரண்டாம் வருட மாணவிகள் யாரோ மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்கள். காகிதத்தைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சராசரி ஏழு மணி நாற்பது நிமிடம்.

ஜனவரி 27

மஞ்சள் அட்டை. சிரப் கொடுத்த எலிகள் நாலே முக்கால் மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டன. கடைச் சரக்கு வேலை செய்கிறது.

ஜனவரி 31

இளம்பச்சை. ஆறு மணி பத்து நிமிடம்! தண்ணீர் குடித்ததுகளைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்!

காலையில் எலி அறையைத் திறந்ததும் லேசாக வாழைப்பழ வாசனை. பக்கத்து வேதியியல் ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகள் எஸ்டர் தயாரிப்பார்கள், அதற்கு அச்சு அசலாக அந்த வாசனைதான். ஜன்னலைச் சாத்திவைக்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3

கரும்பச்சை. நாலு மணி இருபது நிமிடம்.

மறுபடி எழுதுகிறேன், நன்றாக இருக்கிறது. நாலு மணி இருபது நிமிடம். கடை சிரப்பையே தோற்கடித்துவிட்டது. வரைபடம் போட்டுப் பார்த்தேன். தண்ணீர், கொஞ்சம் சாறு, நிறையச் சாறு. படிப்படியாக இறங்குகிறது. பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக வராது.

ஞானதிரவியம் சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். இந்த மனிதர் ஏழு வருடத்தில் என்னை ஒரு தடவை பாராட்டியிருக்கிறார், அதுவும் என் கையெழுத்துக்காக.

“வடிவு, இது நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. ரெண்டு வாரம் ரெஸ்ட் குடுத்துட்டு இன்னொரு தடவை செஞ்சிரு. அதுவும் இப்படியே வந்தா மார்ச்சுல கொடுத்திரலாம்.”

வரும் வழியில் அல்வா வாங்கினேன். கொம்பையாவுக்கும் கால் கிலோ.

பிப்ரவரி 7

கணக்குகளை ஒழுங்கு செய்யும்போது எடைப் பட்டியலைப் பார்த்தேன். பட்டினி போட்ட எலி காலையில் பதினாலு, பதினைந்து கிராம் குறைந்திருக்க வேண்டும். வெள்ளை அட்டையும் மஞ்சள் அட்டையும் அப்படித்தான் குறைந்திருக்கின்றன. இளம்பச்சை எட்டு கிராம். கரும்பச்சை மூன்றே கிராம்.

தராசு சரியில்லை போலிருக்கிறது. ஆள் வரச்சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8

தராசுக்காரருக்கு போன் செய்ய மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 14

கூட்டு ஆரம்பித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. இன்று காலை குற்றாலிங்கம் குளியலறையிலிருந்து வெளியே வந்து ஈரத் துண்டோடு என் முன்னால் நின்றார்.

“உன் எலிக்கு நாலு மணி நேரத்துல வேலை செய்யிது. எனக்கு முப்பது நாளாச்சு. நான் என்ன பாவம் பண்ணுனேன்?”

“நீங்க சாப்பிடுதது கீரை. எலி குடிக்கது சாறு.”

“அப்ப எனக்கும் சாறு குடு.”

“மனுசங்களுக்குக் குடுக்க அனுமதி வாங்கலை.”

“எலிக்கு இருக்க அதிர்ஷ்டம்!” என்றபடி சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இதைச் சாரிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது ஆய்வின் அடிப்படை.

தராசுக்காரர் எண்ணும் எங்கோ போய்விட்டது.

பிப்ரவரி 21

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நாளை கரும்பச்சைக்கு இரண்டாவது சுற்று. தீவனத்தை எடுக்கச் சொல்லிவிட்டு நாலே முக்கால் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாப்பாட்டுப் பையை எலி அறையில் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. மதியம் சாப்பிட்ட புளிக்குழம்பின் மிச்சம் அதில் இருந்தது. நாளைக்குத் திறந்தால் கல்லூரியே காலியாகிவிடும். இறங்கித் திரும்பினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு சீப்புப் பூவன் பழத்தை வைத்துக்கொண்டு, ஒன்றை உரித்து இரண்டாகக் கிள்ளி, கரும்பச்சை அட்டை கட்டிய முதல் கூண்டுக்குள் பாதியை நீட்டிக்கொண்டிருந்தார்.

“தின்னுக்கோ. நாளைக்கு விடிஞ்சா உம்பாடு கஷ்டந்தாம். இன்னைக்கே தெம்பு ஏத்திக்கோ.”

எலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. அடுத்த கூண்டுகளில் மிச்ச ஐந்தும் கம்பியைப் பிடித்து வரிசையில் நிற்பது போல நின்றன.

“கொம்பையாண்ணே!”

அவர் பதறவேயில்லை. “வாங்க மேடம். பஸ் போயிட்டா?”

“என்ன செய்யுதீய?”

“பழம் குடுக்கேன்.”

“பட்டினி போடச் சொன்னேன்லா?”

“போட்டுருக்கேனே! தீவனம் ஒரு உருண்டை இல்ல, பாத்துக்கிடுங்க.” தீவனத் தட்டுகளைக் கவிழ்த்தே காட்டினார். “பழம் விரதத்துக்குச் சேர்த்திதானே மேடம்? நானே சஷ்டிக்கு ரெண்டு பழம் திங்கேன். வாயில்லாச் சீவன் அது, அதுக்கு மட்டும் ஒண்ணுமில்லாமக் கெடக்கணுமா?”

இன்னொரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

“எல்லாத்துக்கும் குடுப்பீயளா?”

“எல்லாத்துக்கும் எதுக்கு? வெள்ளை அட்டைக்கு வெறுந்தண்ணி, அதுக்கென்ன கஷ்டம்? மஞ்ச அட்டை மருந்தை ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், நல்ல இனிப்பு. இந்தப் பச்சை மருந்து இருக்கே, ஒரு சொட்டு பட்டதுக்கு ராத்திரிச் சோறு எறங்கலை மேடம். அதான் பச்சை அட்டைக்கு மட்டும். வெளுத்த பச்சைக்குக் கால் பழம். கடும்பச்சைக்கு மருந்து ரெண்டு பங்குல்லா, அதனால அரைப் பழம்.”

கால் பழம், அரைப் பழம். என் படிப்படியான வரைபடம்! துத்தியின் அளவுக்கு ஏற்பக் குடல் ஓடவில்லை. கொம்பையாவின் இரக்கத்தின் அளவுக்கு ஏற்ப ஓடியிருக்கிறது.

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. கொம்பையா பயந்துபோய் எனக்கும் ஒரு பழம் உரித்துக் கொடுத்தார். தின்றேன். வேறென்ன செய்ய?

மிச்சப் பழத்தை வாங்கிக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்துவிட்டேன். முதல் கூண்டு எலி பாதி தின்றுவிட்டது. அதை நாளைய கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். முதலாண்டு எஸ்டர் வகுப்பு டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்தக் கால அட்டவணையைப் போட்டதே நான்தான்.

பிப்ரவரி 22

ஐந்து கரும்பச்சை எலிகள், நிஜப் பட்டினி. சராசரி ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம்.

தண்ணீருக்கு ஏழு நாற்பது.

என் ஏழு வருடத்துக்கும் தண்ணீருக்கும் ஐந்து நிமிட வித்தியாசம்.

பிப்ரவரி 24

யோசித்தேன். யாருக்கும் தெரியாது. முதல் சுற்று எண்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன, சார் கையெழுத்தும் போட்டுவிட்டார். துத்திக் கீரையைத் தின்று யாரும் சாகப் போவதில்லை. சொன்னால் என் பட்டம் போகும், கொம்பையாவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. பேசாமல் இருப்பதென்று முடிவு செய்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 25

நிம்மதியாக இல்லை.

மார்ச் 3

இளம்பச்சையையும் பூட்டி வைத்துச் செய்து பார்த்தேன். ஏழு மணி நாற்பத்திரண்டு. தண்ணீரைவிட இரண்டு நிமிடம் தாமதம். எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கொம்பையா சாவியை நான் எடுத்துப்போவதில் மனம் நொந்திருக்கிறார். என்னிடம் நேராகப் பேசாமல், எலிகளிடம் என்னைப் பற்றிப் பேசுகிறார்.

மார்ச் 8

ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பதினான்காம் தேதி ஆய்வேட்டுக்கு முந்தைய கருத்தரங்கம். சார், முதல்வர், மதுரையிலிருந்து ஒரு நிபுணர் அம்மா, துறை ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். டீ கொடுக்கப் போவது கொம்பையா.

இன்று அவரே சமாதானமாகி வந்தார்.

“மேடம், பொஸ்தகத்துல முன்னால நன்றின்னு போடுவீயள்லா. அதுல எம்பேரு வருமா?”

“வரும்ணே.”

“எலியைப் புடிச்சதோட நிறுத்திராம, தெம்புக்குப் பழம் குடுத்ததையும் ஒரு வரி சேத்துப் போடுங்க. இத்தனை வருசத்துல ஒருத்தரும் போட்டதில்லை.”

பதினான்காம் தேதி லீவு எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போய்விட்டு வாருங்களேன் என்றேன். உங்களுக்கு முக்கியமான நாளில் நான் இல்லாமலா என்று கேட்டார்.

மார்ச் 13

பூட்டிவைத்துச் செய்த எண்களை ஒரு தாளில் அச்செடுத்தேன். ஏழு பிரதிகள். எதற்கென்று இல்லை, பையில் இருக்கட்டும்.

மார்ச் 14

நடந்தது இது.

படிக்கட்டு வரைபடத்தைத் திரையில் போட்டேன். சார் முகத்தில் வெளிச்சம். முதல்வர் தலையாட்டினார். மதுரை அம்மா, “ரொம்ப அழகா இருக்குங்க. எலிக இவ்வளவு ஒழுங்கா நடந்துக்கிறது அபூர்வம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கேள்வி முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“நடந்துக்கலை மேடம்,” என்றேன். “அதுக பழம் தின்னுருந்துது.”

ஏன் சொன்னேன் என்று கேட்டால், வராண்டாவில் கொம்பையாவின் டீத் தட்டுச் சத்தம் கேட்டது. அவர் வந்து உளறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாமே என்ற பயம்தான். வேறொன்றும் இல்லை. ஏழு பிரதிகளையும் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கொம்பையாவின் கால் பழம், அரைப் பழக் கணக்கையும் சொன்னேன். துத்திச் சாறு இந்த அளவில் எலியின் குடலை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னேன். பட்டினி போட்ட அன்று சாயங்காலம் கூட இருந்து பார்த்திருக்க வேண்டியது நான், பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

முதலில் சிரித்தது மதுரை அம்மாதான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொம்பையா டீயோடு நுழைந்தார். மதுரை அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டே, “பழம் குடுத்தது நீங்கதானா? இங்க எத்தனை வருசமா வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“இருவத்தாறு வருசம் முடியப் போகுதும்மா.”

“அப்பருந்தே பட்டினி எலிகளுக்குப் பழம் உண்டா?”

“கசப்பு மருந்து குடிக்கதுகளுக்கு உண்டும்மா. பாவம்லா.”

அறையில் ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை. முதல்வர் தன் பட்டத்துக்கு அந்த எலி அறையில்தான் வேலை செய்தார். துறைத் தலைவரும் அப்படியே. ஞானதிரவியம் சார் இருபது வருடத்துக்கு முன்னால் கடுக்காயை வைத்து, அதே அறையில், அதே கொம்பையாவோடு. ஒவ்வொருவராக மனதுக்குள் வருடத்தைக் கழித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். இது கல்லூரியின் உள் விஷயம், வெளியே பேச வேண்டியதில்லை, கொம்பையாவின் மேல் நடவடிக்கையும் தேவையில்லை என்று படபடவென்று சொன்னார். மதுரை அம்மா மட்டும் நிதானமாக எழுதிக் கொடுத்தார்: புதிய எலிகளை வைத்து, ஆய்வாளரின் நேரடிக் கண்காணிப்பில், எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். முடிவு ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று வந்தாலும் அது ஆய்வேடுதான். ஆறு மாதம் நீட்டிப்புத் தரலாம். நெறியாளர் ஒப்புக்கொண்டால்.

மார்ச் 15

சாரிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

“எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம்லாம்மா. சபையில வச்சா? வேற யாரையாவது பாத்துக்கோ.”

எங்கள் துறையில் நெறியாளர் அனுமதி உள்ளவர் வேறு யாரும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். வெளியே வந்து கழிப்பறையில் போய் அழுதேன். ஸ்டோர் ரூமில் எத்தனை குடுவைகள் இருக்குமென்று ஒரு நிமிடம் யோசித்தும் பார்த்தேன்.

மார்ச் 18

நூலகத்தில் சாரின் பழைய ஆய்வேட்டைத் தேடினேன். எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான். அலமாரியில் இல்லை. பதினான்காம் தேதி சாயங்காலமே சார் வந்து எடுத்துப்போய்விட்டாராம்.

இன்று வராண்டாவில் எதிரே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

மார்ச் 20

கொம்பையாவிடம் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, ஞானதிரவியம் சார் எலிகளுக்கு எத்தனை பழம் குடுத்தீய?”

“சார் எலிக்கா? எங்க குடுக்க விட்டாவ!” அந்த வருத்தம் இருபது வருடமாகியும் ஆறவில்லை. “தீவனத்தை எடுத்த நிமிசத்துலருந்து அங்ஙனயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவாவ. சார் வீட்டம்மா தூக்குவாளில சோறு கொண்டாந்து குடுத்துட்டுப் போவாவ. சாரும் எலியும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு விடியத் தண்டியும் இருப்பாவ. நானும் பழத்தை மடியில கட்டிக்கிட்டு எட்டி எட்டிப் பாப்பேன். அசையவே மாட்டாவ. ஒரு எலிக்கு ஒரு துண்டு குடுக்க முடியலை மேடம்.”

வெட்கமாக இருந்தது. ஏழு வருடமாக அந்த மனிதரை முசுடு, கஞ்சக் கையெழுத்து என்று திட்டியிருக்கிறேன். அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் உட்காரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே போய்ச் சொல்லிவிடத்தான் எழுந்தேன். அவர் தூங்கி ஆறு நாளாகியிருக்கும், பாவம். அவர் அறை வாசல் வரை போனேன். கையில் படிவம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 24

சார் மெலிந்திருக்கிறார். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 27

நாளைக்கு.

மார்ச் 29

இன்று சாரே வந்தார். நான் எலி அறையில் கூண்டுகளுக்குப் புது அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் அந்தப் பழைய ஆய்வேடு, பழுப்பேறிய அட்டை.

“வடிவு. நீ கொம்பையாகிட்ட நல்லாப் பேசுவியே.” எலிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு. எங்கிட்ட உள்ளதைச் சொல்லவும் மாட்டான். என் எலிகளுக்கு அவன்... எத்தனை பழம்?”

“விசாரிச்சு வச்சிருக்கேன் சார்.”

“எத்தனை?”

படிவத்தை மேசைமேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தேன்.

சார் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பட்டினி போடுற அன்னைக்கு நீ இங்கயே இருக்கணும். ஒவ்வொரு தடவையும்.”

“இருப்பேன் சார்.”

‘இதற்கு நான் பொறுப்பு’ என்று நிறுத்தி நிறுத்தி எழுதினார். கையெழுத்திட்டார். தேதி போட்டார். நான் தாளை எடுத்து இரண்டு தரம் ஊதி, மடித்து, பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்த பிறகு சொன்னேன்.

“ஒரு துண்டு கூடக் குடுக்கலை சார். நீங்க எந்திரிக்கவே இல்லையாம். அந்த அண்ணனுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கு.”

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வேட்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதை நீ எப்பக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட?”

“இருபதாம் தேதி.”

“ஒம்பது நாளா வச்சுக்கிட்டு இருந்தியா? முதல்லயே சொல்லிருக்கலாமேம்மா!”

“சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா சார்?”

அவர் நிஜமாகவே யோசித்தார்.

“மாட்டேன்,” என்றார்.